இரண்டு கிண்ணம் ஈரல் சூப்

மிஷிமா
31 ஆகஸ்ட் 1962

ஹருயோவுக்கு,

நாளை செப்டம்பர் பிறக்கிறது, ஆனால் வெயிலுக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. கடை வாசல் ஓடையில் காலை நனைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். வயிற்றுத் தையல் ஆறிவிட்டதா? மெத்தை, வாளி எதையும் தூக்காதே. ஷின்ஜிக்கு ஒன்பது வயசாகிறது, அவனைத் தூக்கச் சொல்.

சின்னவன் கோஹெயை உன்னிடம் சேர்த்துவிட்டு இவர் நேற்று திரும்பினார். சாப்பிடும்போது அவன் உட்காரும் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நீ என்னடி சொல்லி அனுப்பினாய்? "அக்கா, அவன் வெள்ளைச் சோத்தத் தவிர ஒண்ணும் தொட மாட்டான், அவனோட மல்லுக்கட்டாதே" என்றாயே! இங்கே ஒரு மாதம் நடந்ததைக் கேள். முட்டைச் சுருள் தின்றான். காரட் தின்றான். கடைசி வாரம் நம் கடை விலாங்கு மீன் ஈரல் சூப்பை இரண்டு கிண்ணம் குடித்தான். "பெரியம்மா, இன்னொண்ணு" என்று கிண்ணத்தை நீட்டினான். எல்லாம் கைப்பக்குவம்தான். உன்னைக் குறை சொல்லவில்லை. ஆபரேஷன் ஆன உடம்போடு நீ என்னதான் செய்வாய்?

கோயில் திருவிழாவுக்குக் கூட்டிப்போனேன். இருட்டியதுமே என் கையைப் பிடித்தவன் வீடு திரும்பும்வரை விடவில்லை. மற்ற பிள்ளைகள் விளக்குத் தேர் பின்னால் ஓடுகின்றன, இவன் என் இடுப்போடு ஒட்டிக்கொண்டு நிற்கிறான். "ஆத்தாடி, பெத்த தாய்கிட்டகூட இப்படி ஒட்டாது!" என்று டோஃபுக் கடைக்காரி சொன்னாள். சொன்னதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

நாங்கள் கேட்டதை யோசித்தாயா? உனக்கு இரண்டு பிள்ளைகள். எனக்கு ஒரு கடை இருக்கிறது, அதில் உட்கார ஆள் இல்லை. சொந்தத்தில் சுவீகாரம் எடுப்பது நமக்குப் புதிதா? நம் அப்பாவே சுவீகாரம் வந்தவர்தானே. ஏப்ரலில் அவனைப் பள்ளியில் சேர்ப்பதற்கு முன்னால் முடிவாகிவிட்டால் நல்லது.

உன் வீட்டுக்காரர் மினோருவை விசாரித்ததாகச் சொல்.

இத்ஸுகோ


யஹாதா
12 செப்டம்பர்

அக்காவுக்கு,

இங்கே மழை ஓய்ந்துவிட்டது. ஆலைப் புகை மட்டும் ஓயவில்லை, காயப்போட்ட வெள்ளைத் துணி சாம்பல் நிறத்தில்தான் உள்ளே வருகிறது. தையல் ஆறிவிட்டது. அத்தானின் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? ஒரு மாதம் என் பிள்ளையைப் பார்த்துக்கொண்டதற்கு உங்கள் இருவருக்கும் தலை வணங்குகிறேன்.

அவன் ஈரல் சூப் குடித்தான் என்று படித்ததும் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கையில் இருந்த தட்டைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போலத்தான் இருந்தது. ஐந்து வருஷமாகக் கெஞ்சுகிறேன், எனக்காக ஒரு துண்டுக் காரட்டை அவன் விழுங்கியதில்லை. ஒரு மாதத்தில் உனக்காக ஈரல் தின்றானாம்! விருந்தாளி வீட்டில் பிள்ளைகள் நல்ல பெயர் எடுப்பது வழக்கம்தானே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

நீ கவலைப்படாதே. இங்கேயும் அவன் நன்றாகச் சாப்பிடுகிறான். பாலர் பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் டிபன் பெட்டி தினமும் காலியாகத்தான் திரும்பி வருகிறது. "கோஹெய் அம்மா, இன்னிக்கும் பருக்கைகூட மிச்சமில்ல!" என்று மியகே டீச்சர் வாசலிலேயே, மற்ற தாய்மார் எதிரில் சொன்னார். காலிப் பெட்டிக்கு ஒரு செர்ரிப்பூ முத்திரை குத்துவார்கள். வகுப்பிலேயே கோஹெயுக்குத்தான் அதிகம்.

கையைப் பிடித்துக்கொண்டதைப் பற்றி எழுதியிருந்தாய். இங்கேயும் பொழுது சாய்ந்தால் என் ஏப்ரனை விட மாட்டான். கக்கூஸுக்குக்கூட நான்தான் கூடப் போக வேண்டும். அதனால் டோஃபுக் கடைக்காரியிடம் சொல், பெற்ற தாயிடமும் ஒட்டத்தான் செய்கிறது என்று.

சுவீகாரம் பற்றி இவர் யோசிக்கிறார். நான் யோசிக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். விலாங்குக் கரி அடுப்புப் புகையில் அதிக நேரம் நிற்காதே.

ஹருயோ


மிஷிமா
4 அக்டோபர்

ஹருயோவுக்கு,

ஃபூஜி மலை உச்சியில் முதல் பனி விழுந்துவிட்டது. எனக்கு ஜலதோஷம், இவருக்கு இடுப்பு. கடைக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

உன் கடிதம் கிடைத்தது. வார்த்தைக்கு வார்த்தை ஊசி குத்தி அனுப்பியிருக்கிறாய், சின்ன வயசிலும் இப்படித்தான். புத்தாண்டுக்கு எனக்குச் சிவப்புக் கிமோனோ, உனக்கு நீலம் என்றால் மூன்று நாள் சாப்பிட மாட்டாய். கோஹெய் யாரைக் கொண்டிருக்கிறான் என்று இப்போது புரிகிறதா?

பெட்டி காலியாக வருகிறதாம். சந்தோஷம். உள்ளே என்ன வைக்கிறாய் என்று எழுதவே இல்லையே! முட்டை வைக்கிறாயா? மீன்? இத்துடன் சோயாவில் சுண்டக் காய்ச்சிய ஈரல் ஒரு ஜாடி அனுப்பியிருக்கிறேன். என் கையால் செய்தது என்று அவனிடம் சொல்லி வை, தானாகத் தின்பான்.

இன்னொரு பெரிய பார்சலும் வரும். இவர் நுமாஸு போனபோது பள்ளிக்கூடப் பை ஒன்று வாங்கிவிட்டார், கறுப்புத் தோல், கடையிலேயே உயர்ந்தது. "இப்பவே ஏன்?" என்று கேட்டேன். "எம் பிள்ளைக்கு நான் வாங்குறேன், ஒனக்கென்ன?" என்கிறார். அவர் வாயில் அப்படி வந்துவிட்டது. நான் திருத்தவில்லை.

உன் வீட்டுக்காரர் இவருக்குக் கடிதம் போட்டிருக்கிறார், தெரியுமா? ஆலையில் ஆள் குறைக்கும் பேச்சு இருக்கிறதாமே. நன்றாக யோசி. ஷின்ஜிக்கும் என் அன்பு.

இத்ஸுகோ


யஹாதா
20 அக்டோபர்

அக்காவுக்கு,

காற்றில் குளிர் ஏறிவிட்டது. உன் ஜலதோஷம் விட்டதா?

பை வந்தது. அழகான பைதான். இவர் அதை அலமாரி மேல் எடுத்து வைத்தார், நான் இறக்கி உள்ளே தள்ளினேன். என் பிள்ளைக்குப் பை வாங்க எனக்கு வக்கில்லையா? இவர் உங்களுக்குக் கடிதம் போட்டது எனக்குத் தெரியாது. அன்றைக்கு வீட்டில் பெரிய சண்டை. "அக்கா வீட்டுலயாவது அவன் திங்கிறான்ல" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையை நான் மறக்க மாட்டேன். அதைச் சொல்ல அவருக்கு வாய் கொடுத்தது உன் கடிதம்.

என்ன வைக்கிறாய் என்று கேட்டாய். முட்டை வைக்கிறேன், காரட்டைப் பூவாக வெட்டி வைக்கிறேன், போதுமா? நேற்று காரட் இன்னும் வேண்டும் என்றான். உன் ஈரலைப் பிரித்து வைத்தேன், அதையும் தின்றான். கொஞ்சம் உப்பு தூக்கல்.

விளையாட்டு விழா நடந்தது. வெயிலில் கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்று இடுக்கிக்கொண்டு ஓடி, கடைசியாக வந்தான். கொஞ்ச நாளாகக் கண்ணைக் கொட்டிக்கொண்டே இருக்கிறான். "பட்டாம்பூச்சி கண்ணா!" என்று ஷின்ஜி கேலி செய்து அடி வாங்கினான். டீச்சர் நரம்புப் பழக்கம் என்கிறார், கவனிக்காமல் விட்டால் போய்விடுமாம். உன்னை நினைத்து ஏங்கித்தான் கொட்டுகிறான் என்று எழுதிவிடாதே.

ஹருயோ


மிஷிமா
16 நவம்பர்

ஹருயோவுக்கு,

நேற்று ஐந்து வயசு ஆண் பிள்ளைகளையெல்லாம் அலங்கரித்துக் கோயிலுக்குக் கூட்டிப்போகும் நாள். எங்கள் தெருவிலிருந்து நான்கு பேர் போனார்கள். நான் கடைக்குள் உட்கார்ந்து விலாங்குக்குக் குச்சி குத்திக்கொண்டிருந்தேன், வெளியே வரவில்லை. உனக்கு இது புரியாது. கோஹெயைப் படம் எடுத்திருப்பாய், ஒன்று அனுப்பு.

கண் கொட்டுவதைப் பற்றி நீ எழுத வேண்டாம் என்றதையே எழுதுகிறேன். இங்கே இருந்தவரை அவன் கண்ணுக்கு ஒன்றுமே இல்லை. பளிங்கு மாதிரி இருந்தது. உன்னிடம் வந்த பிறகுதான் இது. ஆலைப் புகையோ, வீட்டுச் சண்டையோ, எதுவென்று நீதான் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு மனசு சரியில்லை என்றால் உடம்பில்தான் தெரியும். காரட்டை விரும்பித் தின்கிற பிள்ளைக்குக் கண்ணில் என்ன வரப்போகிறது?

புத்தாண்டுக்கு நாங்கள் இருவரும் அங்கே வரலாமென்று இருக்கிறோம். அவனிடமே கேட்டுவிடலாம், யாரோடு இருக்கிறாய் என்று. பயமா?

வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

இத்ஸுகோ


யஹாதா
18 டிசம்பர்

அக்காவுக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது. எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். இல்லை.

கோஹெய் மாடிப்படியில் விழுந்தான். சாயங்காலம், இன்னும் விளக்குப் போடாத நேரம். மற்ற பிள்ளைகள் அதே படியில் ஓடிக்கொண்டிருந்தார்கள். இவன் மட்டும் படி இல்லாத இடத்தில் காலை வைத்தான். நெற்றி கிழிந்தது. அதன் பிறகுதான் நான் கவனித்தேன். சாயங்காலம் தூணில் மோதுகிறான். தட்டில் இருக்கும் சோற்றைக் கையால் தடவித் தேடுகிறான். கண்ணின் வெள்ளை பளபளப்பே இல்லாமல் காய்ந்து, ஆறிப்போன மீன் கண் மாதிரி இருக்கிறது.

கண் டாக்டரிடம் போனோம். பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வியே "பையன் என்னம்மா சாப்பிடுறான்?" என்பதுதான். சத்துக் குறைவால் வரும் மாலைக்கண்ணோ என்று சந்தேகமாம். இவர் என் முகத்தைப் பார்த்தார். நான் எல்லாம் சாப்பிடுகிறான் என்றேன். டிபன் பெட்டி காலியாக வருவதைச் சொன்னேன், பள்ளியில் கொடுக்கும் மீன் எண்ணெய் மிட்டாயைச் சொன்னேன். அவருக்கு முழு நம்பிக்கை வரவில்லை. அப்போது இவர் ஆகஸ்டில் நீ எழுதியதைச் சொன்னார், ஈரல் சூப் இரண்டு கிண்ணம் என்று. டாக்டர் உடனே பேனாவை மூடிவிட்டார். "ஈரல் தின்கிற பிள்ளைக்கு அது வராது" என்றார். சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். குறையவில்லை.

அக்கா, சண்டையை ஒரு பக்கம் வை. உண்மையைச் சொல். அங்கே இருந்தபோது இருட்டில் எங்காவது இடித்துக்கொண்டானா? திருவிழாவில் உன் கையைப் பிடித்தது பாசத்திலா, இல்லை கண் தெரியாமலா?

புத்தாண்டுக்கு வராதீர்கள்.

ஹருயோ


மிஷிமா
27 டிசம்பர்

ஹருயோவுக்கு,

வருஷக் கடைசி, மூச்சுவிட நேரமில்லை. அரிசி இடிக்கிற சத்தம் தெரு முழுக்கக் கேட்கிறது. எனக்குக் கை ஓடவில்லை.

உன் கடிதத்தை இவரிடம் காட்டவில்லை. காட்டினால் உடனே ரயில் ஏறிவிடுவார்.

பிள்ளைகள் இருட்டில் பெரியவர் கையைப் பிடிப்பது சகஜம்தானே. பாசமாக இருந்தான், எனக்கு அப்படித்தான் பட்டது. சரியாக நினைவில்லை.

டாக்டர் ஈரலைப் பற்றி மட்டும் தனியாகக் கேட்டாரா? இரண்டு கிண்ணம் என்பது முக்கியமா அவருக்கு? வேறு டாக்டரிடம் காட்டிப் பார். திரும்பவும் சாப்பாட்டைப் பற்றி விசாரித்தால் என் கடிதத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல். நான் சமையல்காரி, டாக்டர் இல்லை. உன் வீட்டில் தினமும் என்ன தின்கிறான் என்பதுதானே கணக்கு?

இல்லையென்றால் இங்கே அனுப்பு. நுமாஸுவில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. நான் கூடவே இருப்பேன்.

அவன் கண்ணில் ஈரத் துணி வைத்து ஒற்று. தேய்க்காதே.

இத்ஸுகோ


கொகுரா, ஆஸ்பத்திரி
8 ஜனவரி 1963

அக்காவுக்கு,

புத்தாண்டு வந்ததா போனதா என்று எங்களுக்குத் தெரியாது. கட்டிலுக்கு அடியில் பாய் போட்டுப் படுக்கிறேன்.

கோஹெயின் இடது கண்ணில், கருவிழி மேல் வெள்ளைப் புள்ளி விழுந்திருக்கிறது. வலது கண்ணும் மங்கல். பகலிலேயே என் முகத்தைத் தடவிப் பார்த்துத்தான் "அம்மா" என்கிறான். உள்ளே கண் நரம்பு வீங்கியிருக்கிறதாம். தலைக்குள் கட்டி இருக்குமோ என்று பெரிய டாக்டர் பயப்படுகிறார். பதினான்காம் தேதி முதுகுத் தண்டில் ஊசி குத்தி, தலைக்குள் காற்றைச் செலுத்திப் படம் எடுக்கப் போகிறார்கள். ஐந்து வயசுப் பிள்ளைக்கு அது எவ்வளவு வலிக்கும் என்று நர்ஸிடம் கேட்டேன். அவள் கோஹெயின் போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

இங்கேயும் சாப்பாட்டைக் கேட்டார்கள். நான் அதையேதான் சொன்னேன். பெரிய டாக்டர் விவரமாகச் சொன்னார். கோடையில் ஈரல், முட்டையெல்லாம் நன்றாகத் தின்றிருந்தால் அந்தச் சத்தை உடம்பு மாதக்கணக்கில் சேர்த்து வைத்திருக்குமாம். அதனால் குறை சாப்பாட்டில் இல்லை, வேறு எங்கோ என்கிறார். நீ சொன்னபடி உன் கடிதத்தைப் பெரிதாக எடுக்க வேண்டாம் என்றும் சொன்னேன். "ஏன், உங்க அக்கா பொய் சொல்வாங்களா?" என்று கேட்டார். என் அக்கா வாய்க்கொழுப்பு பிடித்தவள், ஆனால் ஒரு பிள்ளை விஷயத்தில் பொய் சொல்ல மாட்டாள் என்றேன்.

அத்தானைக் கோயிலில் வேண்டிக்கொள்ளச் சொல்.

ஹருயோ


தந்தி
மிஷிமா, 11 ஜனவரி, காலை

ஈரல் பொய். இங்கும் வெறும் சோறு மட்டுமே தின்றான். இருட்டில் கண் தெரியவில்லை. டாக்டரிடம் இன்றே சொல். ஊசி வேண்டாம். இத்ஸுகோ


மிஷிமா
11 ஜனவரி

ஹருயோ,

தபாலாபீஸிலிருந்து வந்த கையோடு எழுதுகிறேன். தந்தி எழுதுகிற பெண் "ஈரல் பொய்" என்பதை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் எழுதியிருக்கீங்களாம்மா?" என்று கேட்டாள். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன் என்றேன்.

நடந்தது இதுதான். முதல் நாள் சூப்பை முன்னால் வைத்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டு கடைக்குப் பின்னால் ஓடினான். மறுநாள் மடியில் உட்கார வைத்து ஒரு கரண்டி ஊட்டினேன். அந்தக் கரண்டியோடு காலையில் தின்ற சோற்றையும் சேர்த்து என் மேல் வாந்தி எடுத்தான். முட்டையும் அப்படித்தான், காரட்டும் அப்படித்தான். சூப் இரண்டு கிண்ணம் காலியானது நிஜம். குடித்தது நான். அந்த நேரம் பார்த்து இவர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். காலிக் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டி, "பாத்தீங்களா ஒங்க பிள்ளையை!" என்றேன். இருபது வருஷத்தில் அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு எப்படி மாற்றிச் சொல்வேன்? அவனை உன்னிடம் விட்டுவிட்டு இவர் திரும்பியதும் உனக்கும் அதையே எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுத எழுத இனித்தது.

திருவிழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் கடை வாசல் ஓடையில் நேராக நடந்து போய் விழுந்தான். கண் என்ன பிடரியிலா இருக்கு என்று திட்டினேன். அதனால்தான் மறுநாள் கையைப் பிடித்துக்கொண்டான். அதைப் பாசம் என்று நினைத்தேன் ஹருயோ. அதில் மட்டும் பொய் இல்லை, நிஜமாகவே நினைத்தேன். கண்ணைக் கசக்கிக்கொண்டும் இருந்தான். கரிப்புகை என்று நானே முடிவு செய்துகொண்டேன். பளிங்கு மாதிரி என்று எழுதினேனே, அந்தக் கையை வெட்டிப் போடலாம்.

உன் பொறாமையைத்தான் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். எனக்கு இருப்பது அதைவிடப் பெரிது. நீ பிரசவத்துக்குப் போனபோதெல்லாம் நான் கோயிலுக்குப் போய் உனக்காக வேண்டினேன் என்று சொல்லியிருக்கிறேன். என்ன வேண்டினேன் என்று சொன்னதில்லை. இனியும் சொல்ல மாட்டேன்.

டிசம்பரில் நீ நேராகக் கேட்டாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் தபாலாபீஸ் போனேன். இன்னும் பேசவில்லை.

இத்ஸுகோ


மிஷிமா
27 ஜனவரி

ஹருயோ,

பனி கொட்டுகிறது. உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. ஊசி போட்டார்களா, நிறுத்தினார்களா? தந்தி கிடைத்ததா இல்லையா? மினோரு ஒரு அட்டை போட்டார், "உயிருக்கு ஆபத்தில்லை" என்று மட்டும். கண்ணைப் பற்றி ஒன்றும் இல்லை. இவர் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்குமோ என்று.

திட்டியாவது எழுது. பத்துப் பக்கம் திட்டு, தபால் தலைக்குக் காசு நான் அனுப்புகிறேன். சும்மா மட்டும் இருக்காதே.

இத்ஸுகோ


கொகுரா, ஆஸ்பத்திரி
10 பிப்ரவரி

அக்காவுக்கு,

அத்தான் பேச ஆரம்பித்துவிட்டாரா? அவர் இடுப்பு வலி குறைந்ததா? கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன், கை தானாக எழுதிவிட்டது.

தந்தி பதினொன்றாம் தேதி பிற்பகல் வந்தது. இவர் வராந்தாவில் நின்று படித்தார், என்னிடம் நீட்டினார். நான் சிரித்தேன் அக்கா. டாக்டரிடம் ஓட வேண்டியவள் சுவரில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். உன் கையாலும் தின்னவில்லை! ஆகஸ்டிலிருந்து என் நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கிவிட்டது. உள்ளே என் பிள்ளை கண் தெரியாமல் கிடக்கிறான், நான் வெளியே ஜெயித்தவள் மாதிரி நிற்கிறேன். இவர் என் தோளைப் பிடித்து உலுக்கியபோதுதான் நினைவு வந்தது.

அதற்குப் பிறகு டாக்டரிடம் உன் பொய்யைச் சொன்னேன். "அப்ப உங்க வீட்டுல என்னம்மா சாப்பிடுறான்?" என்று கேட்டார். அப்போது என்னுடையதையும் சொல்ல வேண்டி வந்தது. டிபன் பெட்டி காலியாகத்தான் வந்தது. அதில் வைத்தது வெறும் வெள்ளைச் சோறு. ஏப்ரலில் அவன் மற்றதை மிச்சம் வைத்துவிட்டு, எல்லோரும் விளையாடப் போன பிறகும் பெட்டியோடு தனியாக உட்கார்ந்திருந்தான். "முதல்ல காலி பண்ற சந்தோஷம் தெரியட்டும்மா, அவனால முடிஞ்சத மட்டும் வைங்க" என்று மியகே டீச்சர்தான் சொன்னார், நல்ல மனசோடுதான் சொன்னார். நான் வைத்தேன். முத்திரை கிடைத்தது. மற்ற தாய்மார் "எப்படிங்க?" என்று கேட்டார்கள். அந்த ருசியில் அப்படியே விட்டுவிட்டேன். நீ ஈரல் என்று எழுதிய பிறகு, என் வீட்டில் இவன் வெறும் சோறுதான் தின்கிறான் என்று யாரிடம் சொல்வேன்? டாக்டரிடமா? என் வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கும்போதா? சொன்னால் மறுநாளே அவனை உன்னிடம் அனுப்பியிருப்பார். நீ சோயாவில் செய்தனுப்பிய ஈரலைத் தின்றது ஷின்ஜி. மீன் எண்ணெய் மிட்டாயைப் பக்கத்துப் பையனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தானாம், அதுவும் இப்போதுதான் தெரிந்தது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டாக்டர் திட்டவில்லை. "இப்ப சொன்னதாவது நெஜமாம்மா?" என்று கேட்டார். திட்டியிருக்கலாம்.

அன்று மாலையே சத்து ஊசி போட்டார்கள். முதுகு ஊசியை நிறுத்திவிட்டார்கள். ஒரு வாரத்தில் சாயங்கால வெளிச்சத்தில் வலது கண் தெரிய ஆரம்பித்தது. நர்ஸின் தொப்பியைப் பார்த்து "அழுக்கு" என்றான். இப்போது அந்தக் கண்ணால் புத்தகத்தில் படம் பார்க்கிறான்.

இடது கண் வராது. கருவிழி முழுக்க வெள்ளைத் தழும்பு. இந்தச் சத்து ஊசியை மூன்று வாரம் முன்னால் போட்டிருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். மூன்று வாரம் முன்னால் என்றால், அது நான் உன்னிடம் கேட்ட சமயம். கண் டாக்டர் என்னிடம் கேட்ட சமயமும் அதுதான். இதில் உன் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று இந்தப் பாயில் படுத்துக்கொண்டு பிரித்துப் பார்க்கிறேன். முதல் நாள் உனக்கு அதிகம் வந்தது. இப்போதெல்லாம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி வருகிறது.

கோஹெயைத் தர மாட்டேன். இவரும் இனிக் கேட்க மாட்டார். நீ இப்போது வராதே. வர வேண்டிய நாளை நானே எழுதுகிறேன்.

அவன் சாப்பாட்டைப் பற்றி இனி உனக்கு உள்ளதை மட்டும் எழுதுவேன். ஊசி ரொம்ப நாள் போட முடியாதாம், வாயால் தின்ன வேண்டும் என்கிறார்கள். நான் ஊட்டினால் இன்னமும் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறான். பக்கத்துக் கட்டிலில் முத்ஸுமி என்று ஒரு பெண், எட்டு வயசு, கால் ஒடிந்து கட்டுப் போட்டிருக்கிறாள். கெஞ்சவும் மாட்டாள், கொஞ்சவும் மாட்டாள். இன்று காலை அவள் தன் அவித்த முட்டையைப் பிட்டு, "வேணும்னா தின்னு, வேணாட்டி போ, எனக்குத்தான் லாபம்" என்றாள். இவன் கொஞ்ச நேரம் மோந்து பார்த்தான். பிறகு கடுகளவு மஞ்சள் கருவை வாயில் போட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்கினான். வாந்தி எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கேட்டான், அவளிடம்.

எனக்கு வயிறு எரிந்தது அக்கா. எட்டு வயசுக் குழந்தை மேல்! எழுந்து போய் அந்த முட்டையை வாங்கி நானே ஊட்டலாமா என்று கை துடித்தது. எரிந்தால் எரியட்டும், அவன் தின்னட்டும் என்று கையை மடிக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஹருயோ